பிள்ளைகளும் மலைப் புகையிரதமும்

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கும் முதற் கேள்வி, "எங்கே போகப் போகிறோம்?" என்பது. எப்படிப் போகப் போகிறோம் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. பெற்றோரும் அதைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. வழி என்பது எப்படியாவது கழிந்துவிட வேண்டிய பொழுது என்றே பலரும் கருதுகின்றனர். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை செல்லும் மலைப் புகையிரதப் பாதை இவ்வெண்ணத்தை மாற்றிவிடும் இயல்புடையது. ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளமான இப்பாதையைக் கடக்க வண்டிக்கு ஒன்பது பத்து மணி நேரம் செல்லும். அவசர அலுவலாகச் செல்வோர் இதில் ஏற மாட்டார்கள். பிள்ளைகளோடு செல்வோர் ஏறத்தான் வேண்டும்.

ஏறுமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் அதனோடு வந்த பெருமழையும் மலைநாட்டிற் பேரழிவை விளைத்தன. மண்சரிவுகளால் மலைப் பாதையும் பல இடங்களிற் சிதைவுற்றது. சாதாரண மழைக் காலங்களிலுங்கூட மண்ணோ பாறையோ சரிந்து பாதை அடைபடுவது அங்கே புதுமையன்று. ஆதலின் எந்த நிலையம் வரை வண்டி ஓடுகிறது என்பதைப் புறப்படுவதற்கு முன்னர் புகையிரத நிலையத்திற் கேட்டறிந்து கொள்வதே முறை. பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுப்பது அதன் பின்னராகட்டும்.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் வெள்ளவத்தையிலிருந்து ஒரு குடும்பம் இவ்வழியே பயணஞ் செய்தது. தந்தை ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். தாய் வீட்டுக் கணக்கையும் பிள்ளைகளின் படிப்பையும் ஒருங்கே நடத்துபவர். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஆறு. இவர்களோடு தாயின் தாயாரும் வந்தார். அந்த அம்மம்மா 1970ஆம் ஆண்டுகளில் தலவாக்கலைப் பக்கத்திலே ஒரு தோட்டப் பாடசாலையிற் சில காலம் படிப்பித்தவர். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக அவர் அப்பக்கம் போனதில்லை.

கட்டுச்சோறு பற்றிய விவாதம் முதல்நாள் இரவே தொடங்கிவிட்டது. வண்டியில் எல்லாம் விற்கும் என்றார் தந்தை. விற்பதெல்லாம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றார் அம்மம்மா. இறுதியில் வாழையிலையைத் தணலில் வாட்டிப் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டி எடுத்தார்கள். ஆயினும் றம்புக்கணைக்கு முன்னரே இறால் வடையும் அவித்த கடலையும் வாங்கப்பட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கூடையைத் தலைக்குமேல் ஏந்தி, ஆடும் பெட்டியிலே ஆடாமல் நடந்து, "வடே, வடே" என்று கூவி வரும் வியாபாரியைப் பிள்ளைகள் வெறுங்கையோடு போகவிட மாட்டார்கள்.

கம்பளிச் சட்டையை மறவாது எடுத்துச் செல்ல வேண்டும். கொழும்பில் வியர்த்துக்கொண்டு ஏறும் பிள்ளை பட்டிப்பொலையில் நடுங்கும். உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்று புவியியற் புத்தகத்தில் எழுதியிருப்பதை அங்கே தோலினாலேயே படிக்கலாம்.

இன்னொன்று, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு முழுப் பாதையையும் ஒரே நாளிற் கடக்க முயல்வது அறிவுடைமையன்று. அவர்கள் ஐந்தாம் மணி நேரத்திற் களைத்து அழத் தொடங்கும்போதுதான் மிகச் சிறந்த காட்சிகள் வரும். அத்தகைய குடும்பங்கள் நானுஓயாவிலோ பண்டாரவளையிலோ ஒருநாள் தங்கி எஞ்சிய பாதையை மறுநாள் காண்பது நன்று. அல்லது ஒரு துண்டை மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

வண்டிகளுக்கு அழகான பெயர்கள் உண்டு. ஒன்று உடரட மெனிக்கே. மலைநாட்டு நங்கை என்று பொருள். மற்றொன்று பொடி மெனிக்கே, சின்ன நங்கை. சின்ன நங்கையைப் பார்க்க வேண்டுமென்று மகன் பிடிவாதம் பிடித்து, பெட்டிகளுக்கிடையே யாரோ ஒரு பெண்பிள்ளையைத் தேடினான் என்பது அக்குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை.

பொல்காவலை வரை நிலம் சமதரை. வயலும் தென்னையும் மாறி மாறி வரும். பிள்ளைகள் யன்னலோரத்துக்காகச் சண்டையிடும் நேரம் இது. மலைப் பாதையிலே ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக இருக்கும். சில வளைவுகளுக்கு அப்பால் அவை பக்கம் மாறிக்கொள்ளும். ஆகவே நல்ல யன்னல் எது என்று முன்கூட்டித் தீர்மானிக்க இயலாது. இக்குடும்பத்திலே ஒவ்வொரு நிலையத்துக்கும் இடம் மாறுவது என்று தாய் தீர்ப்பளித்தார். எக்ஸ்பிரஸ் வண்டி சிறு நிலையங்களில் நிற்பதில்லை என்பதை மகள் விரைவிலே கண்டுபிடித்து, நிற்கும் நிலையமா, கடந்து செல்லும் நிலையமா என்று வழக்கைத் திரும்பவும் தொடங்கினாள்.

றம்புக்கணையில் மலையேற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து கடுகண்ணாவை வரை பாதை நாற்பத்தைந்து அடிக்கு ஓர் அடி உயர்கிறது. நாற்பத்தைந்துக்கு ஒன்று என்றால் பிள்ளைகளுக்குப் பெரிதாகத் தோன்றாது; வீட்டுப் படிக்கட்டே அதைவிடச் செங்குத்தானது என்பார்கள். மகனும் அப்படியே சொன்னான். அப்போது தந்தை ஒரு காரியஞ் செய்தார். இரண்டு கரண்டிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து வழுக்கிக் காட்டினார். வண்டியின் சக்கரமும் உருக்கு, தண்டவாளமும் உருக்கு. உருக்கின்மேல் உருக்கு வழுக்கும். மழை பெய்து, அதன்மேல் இலையும் விழுந்து கிடந்தால் இன்னும் வழுக்கும். நூற்றுக்கணக்கான தொன் நிறையை இழுத்துக்கொண்டு அத்தகைய வழுக்குப் பாதையில் ஏற வேண்டுமாயின் சரிவு சிறிதாகத்தான் இருக்க வேண்டும். சக்கரம் சுழன்றும் வண்டி நகராதபோது சாரதி சக்கரத்தின் முன்னே மணலைத் தூவுவார். அதற்கென்றே எஞ்சினில் மணற்பெட்டி உண்டு. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்திலே பாரமான வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்னோர் எஞ்சினும் பூட்டப்படும். இவ்வளவும் கேட்டபின் அச்சிறுவன் மலையைப் பார்ப்பதை விட்டு எஞ்சினின் ஒலியைக் கேட்கத் தொடங்கினான். ஒலி மாறும்போதெல்லாம் "மணல் போடுகிறாரா அப்பா?" என்று கேட்டான்.

பாதை நேரே மலைமேல் ஏறாமல் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி ஏறுவதற்கும் காரணம் இதுவே. உயரத்தைச் சுற்றுத்தூரமாகப் பரப்பி ஏறுகிறார்கள். வளைவுகளிலே பின்பெட்டியில் இருப்பவர்க்கு முன்னாற் செல்லும் எஞ்சின் தெரியும். தாம் ஏறியிருக்கும் வண்டியைத் தாமே வெளியிலிருந்து காண்பது பிள்ளைகளுக்கு முதன்முறை பெருவியப்பு. கீழே பள்ளத்தாக்கும், அதற்கு அப்பால் வேதாகமப் புத்தகம்போல் மேற்பக்கம் தட்டையாகத் தோன்றும் பத்தலகலப் பாறையும் காட்சியளிக்கும். அதனை ஆங்கிலேயர் பைபிள் பாறை என்றே அழைத்தனர். கடுகண்ணாவையில் வீதியோரமாக நிற்கும் உயர்ந்த கோபுரம் கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக எழுப்பப்பட்டது. அவ்வூரிலே 2014இல் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்களைத் தொட்டுப் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு அதற்கென ஒரு தனிநாள் வேண்டும்.

இப்பாதை உல்லாசத்துக்காக அமைக்கப்பட்டதன்று; கோப்பிக்காக அமைக்கப்பட்டது. கண்டி மலைகளில் விளைந்த கோப்பியை மாட்டுவண்டிகள் வாரக்கணக்கில் இழுத்துக் கொழும்புத் துறைமுகத்திற் சேர்த்தன. மழையில் வண்டிகள் புதையும், மாடுகள் மாளும். இத்தீவின் முதற் புகையிரதம் 1864 டிசெம்பரிற் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிற்று. 1867இற் பாதை கண்டியை எட்டியது. அதே 1867இலே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். இரண்டாண்டுகள் கழியுமுன் கோப்பி இலைகளிலே துருநோய் தோன்றியது. பின்னர் கோப்பி அழிந்தது. கோப்பிக்காகப் போட்ட தண்டவாளத்தின்மேல் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. தேயிலை மேலே ஏற ஏறப் பாதையும் அதன் பின்னால் ஏறிற்று. 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இற் பண்டாரவளை, 1924இற் பதுளை. ஆண்டுகளை மனனஞ் செய்விக்கத் தேவையில்லை. அறுபது ஆண்டுகள் ஏறிய பாதையைப் பிள்ளைகள் ஒரே பகலில் ஏறுகிறார்கள் என்று சொன்னாற் போதும்.

பேராதனையும் கம்பளையும் விரைவிற் கழியும். நாவலப்பிட்டிக்கு மேலே பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டி வருமாயின் ஏதேனுமொரு நிலையத்தில் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்து நிற்கும். இரு வண்டிகள் ஒரே துண்டில் நேருக்கு நேர் புகாமலிருக்க நெடுங்காலமாக இப்பாதையிற் கையாளப்பட்ட உபாயம் எளிமையானது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாளத் தட்டு. அது பெரிய வளையமொன்றிற் கோத்த பையினுள் இருக்கும். அந்த வளையத்தைக் கையிற் பெறாத சாரதி அத்துண்டினுள் வண்டியைச் செலுத்தலாகாது. ஓடும் வண்டியிலிருந்து கையை நீட்டி ஒரு வளையத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் காட்சியைப் பார்த்த பிள்ளை, வண்டி ஏன் காத்து நிற்கிறது என்று பிறகு முறையிட மாட்டாது. இதைச் சொல்லிக் கொடுக்காத பெற்றோர் ஒவ்வொரு தாமதத்திலும் பத்துமுறை "எப்போது போகும்?" என்ற கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பர்.

ஹற்றனைக் கடந்தபின் சிங்கமலைச் சுரங்கம் வருகிறது. அரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான இதுவே இப்பாதையின் மிக நீண்ட சுரங்கம். சுரங்கத்துட் புகுந்ததும் வண்டியிலுள்ள இளைஞரெல்லாம் கூச்சலிடுவது எப்போதோ தொடங்கிய வழக்கம். பெரியவர்களும் சிலர் சேர்ந்து கூவுவார்கள். இருட்டில் யார் கூவினார் என்று தெரியாதல்லவா? மகள் கூவினாள். மகன் கூவவில்லை. வெளிச்சம் வந்தபோது அவன் அம்மம்மாவின் சேலைத் தலைப்பிற்குள் முகத்தைப் புதைத்திருந்தான். தந்தை சிரித்துவிட்டார், அது தவறு. அம்மம்மா சிரிக்கவில்லை. "அடுத்த சுரங்கத்துக்கு நீயும் நானும் சேர்ந்து எண்ணுவோம். எத்தனை எண்ணுவதற்குள் வெளிச்சம் வருகிறது பார்ப்போம்" என்றார். அடுத்த சுரங்கம் பதினொன்றில் முடிந்தது. அதற்கடுத்தது ஏழில். அதன்பின் சுரங்கம் எப்போது வரும் என்று அவனே கேட்கலானான். மகள் தன் கொப்பியிலே சுரங்கங்களைக் குறித்து வந்தாள். பதுளையில் அவள் கணக்கும் தந்தையின் கணக்கும் இரண்டால் வேறுபட்டன. குறுஞ்சுரங்கம் ஒன்றைச் சுரங்கமென்று கொள்வதா, பாறைக் கணவாய் என்று கொள்வதா என்ற வாதம் வீடு திரும்பும் வரையிலும் முடியவில்லை. நாற்பதுக்கு மேற்பட்டவை என்பதில் மட்டும் இருவர்க்கும் உடன்பாடு.

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்குமிடையே சென் கிளையர் நீர்வீழ்ச்சி தோன்றும். 2012இல் மேற் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் அதன் நீர்வரத்து முன்போலில்லை. பழைய படங்களைப் பார்த்துவிட்டுச் செல்லும் பிள்ளைகள் ஏமாறுவர். வீட்டு விளக்குக்குள் வந்துவிட்ட நீர் அதுவென்று சொல்லலாம்.

இருபுறமும் தேயிலை. வெட்டி மட்டஞ்செய்த பச்சைப் புதர்கள் மலையின் உருவத்தை அப்படியே காட்டிக்கொண்டு வரிசை வரிசையாக ஏறிச் செல்லும். அவற்றின் இடையே நீண்ட தாழ்ந்த லயங்கள். பாதையோரத்து லயம் ஒன்றின் வாசலிலே நான்கைந்து பிள்ளைகள் நின்று வண்டியைப் பார்த்துக் கையசைத்தனர். வண்டியிலிருந்த பிள்ளைகளும் கையசைத்தார்கள். வண்டி மெல்லச் சென்றமையால் ஒருவர் முகத்தை ஒருவர் நன்றாகக் காண முடிந்தது. மகனுக்கு அது பேரானந்தம். மகள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அவர்களும் தமிழா, அம்மம்மா? ஏன் அவ்வளவு சின்ன வீடு?" என்றாள்.

பிள்ளைகளோடு இவ்வழியே செல்லும் பெரியவர் ஒவ்வொருவரிடமும் இக்கேள்வி ஒருநாள் கேட்கப்படும். சிலர் யன்னலுக்கு வெளியே வேறொன்றைச் சுட்டிக்காட்டிப் பேச்சை மாற்றிவிடுவர். "அங்கே பார், மஞ்சு" என்பர். அழகான நாளைக் கெடுப்பானேன் என்பது அவர்கள் எண்ணம். அது பிள்ளையின் மனத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகும். கேட்ட பிள்ளை விடையைத் தாங்கும்.

அம்மம்மா சொன்னார்: "நாம் இருக்கும் இந்தப் பாதையை வெட்டியவர்களிலே அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாரும் இருந்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைக்கு நடந்து வந்தவர்கள். நடந்த வழியிலே பலர் இறந்து போனார்கள். கோப்பியும் அவர்கள் நட்டது. தேயிலையும் அவர்கள் நட்டது. நாங்கள் காலையிற் குடிக்கும் தேநீர்த் தூளில் ஒரு கிலோ ஆக்குவதற்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து பறிக்கவேண்டும், பிள்ளை. இரண்டிலையும் ஒரு மொட்டுமாக ஒவ்வொன்றையும் கையாலே பறிக்கவேண்டும்."

அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். வண்டி தலவாக்கலையை அடைந்தது. அம்மம்மா மேடையைப் பார்த்தவாறே சிறிது நேரம் இருந்தார். பின் அவர் சொன்னவற்றை மகள் வெகுநாள் வரை மறக்கவில்லை.

1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டத்தினால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரிற் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். நாடற்றவராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை உரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்பது அதன் சாரம். 1974இல் அந்த எஞ்சியவரும் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். இந்தியாவுக்கென்று குறிக்கப்பட்டவர்கள் மலைநாட்டு நிலையங்களிலே வண்டியேறினர். பொல்காவலைக்கு இறங்கி, அங்கிருந்து வடக்கே திரும்பித் தலைமன்னாரை அடைந்து, கப்பலேறினர். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு நாடும் தங்கைக்கு வேறொரு நாடுமாய் முடிந்ததுண்டு. 1984இற் கப்பற் சேவை நின்றபோதே அப்போக்கும் நின்றது. நாடற்ற நிலையில் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல் இயற்றப்பட்ட சட்டம் குடியுரிமையை அளித்தது.

சட்டங்களையும் எண்களையும் அம்மம்மா சொல்லவில்லை. மேடையைச் சுட்டி, "என் வகுப்பில் உன் வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். ஒருநாள் இவ்விடத்திலிருந்துதான் வண்டியேறிப் போனாள். போகிறவர்களும் நிற்கிறவர்களும் அழுத அழுகையில் எஞ்சின் ஊதியது கேட்கவில்லை. அவளுடைய சிலேற்றும் கொப்பியும் பாடசாலையிலேயே இருந்துவிட்டன" என்றார். "பிறகு?" என்றாள் மகள். "பிறகு ஒரு கடிதம் வந்தது. ஒன்றுதான் வந்தது."

வண்டி நகர்ந்தது. அடுத்த லயத்துப் பிள்ளைகளுக்கு மகள் கையசைத்தாள். மறையும் வரை கையை இறக்கவில்லை.

கிறேற் வெஸ்ரேண் மலையடிவாரத்தையும் நானுஓயாவையும் கடந்தபின் தேயிலை அருகிக் காடும் புல்வெளியும் தோன்றும். அம்பேவலையிற் பாற்பண்ணையின் மாடுகள் மேயும். பட்டிப்பொல நிலையமே இத்தீவின் மிக உயர்ந்த புகையிரத நிலையம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 6,200 அடி. ஐந்தரை அடி அகலமுள்ள அகலப்பாதை இவ்வளவு உயரத்தை எட்டியிருப்பது உலகில் அரிது. பிள்ளைகளோ உச்சி என்றால் கூரான சிகரத்தை எதிர்பார்ப்பர். அங்கே இருப்பது சிறு நிலையமும் மஞ்சும் உயரத்தைக் குறிக்கும் ஒரு பலகையுமே. "இதுதானா?" என்றான் மகன். இதுதான். சில நிமிடங்களில் ஒரு சுரங்கம் வரும். அதன் இப்பக்கத்தில் மஞ்சும் தூறலும், அப்பக்கத்தில் ஊவாவின் வெயிலுமாக இருப்பதைப் பயணிகள் பலகாலும் கண்டிருக்கின்றனர். மலைமுதுகு மேகத்தைத் தடுத்து நிறுத்துவதன் விளைவு அது. உச்சியைக் கடந்ததற்கு அதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஒகியாவிலிருந்து இதல்கஸின்னை வரையுள்ள பகுதியே இப்பாதையின் உயிர் என்று சொல்வோர் உளர். சுரங்கத்தைத் தொடர்ந்து சுரங்கம். இடையிடையே திறக்கும் வெளியிலே தெற்குச் சமவெளி நெடுந்தூரம் நீலமாய்க் கிடக்கும். இதல்கஸின்னை நிலையம் மலைமுதுகின்மேல் அமைந்தது. ஒருபுறம் ஊவாப் பள்ளத்தாக்கு, மறுபுறம் தாழ்நிலம். இங்கே யன்னற் சண்டைக்கு இடமேயில்லை.

இப்பகுதியிலேதான் இக்குடும்பத்துக்கு ஆபத்து நேரவிருந்தது. இவ்வண்டிகளின் வாயிற்கதவுகள் ஓடும்போதும் திறந்திருக்கும். வாயிலிலே அமர்ந்தும், கைப்பிடியைப் பற்றி வெளியே சாய்ந்தும் படமெடுத்துக்கொள்வது உல்லாசப் பயணிகளிடையே பெருவழக்காகிவிட்டது. பாறைச் சுவருக்கும் பெட்டிக்குமிடையே சில இடங்களிற் கையகல இடைவெளியே உண்டு. சுரங்க வாயிலிலும் மரக்கிளையிலும் அடிபட்டு விழுந்து உயிரிழந்தோர் பலர். ஒகியாவுக்கு முன்னர் தந்தையும் சிறிதுநேரம் வாயிலில் நின்று படமெடுத்தார். மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தந்தை இருக்கைக்கு மீண்டு படங்களைத் தாய்க்குக் காட்டிக்கொண்டிருந்த வேளையிலே, சிறுவன் சத்தமின்றி எழுந்துபோய் அதே வாயிலில், அதே கைப்பிடியை எட்டிப் பிடித்து நின்றான். வண்டி வளைவிற் சாய்ந்தது. வாயிலருகே நின்ற கடலை வியாபாரி ஒருவர் கூடையைப் போட்டுவிட்டுச் சிறுவனின் சட்டைக் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

கடலை தரையெங்கும் உருண்டது. தாய் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகனை மடியிலிருத்தி இறுகப் பிடித்துக்கொண்டார். தந்தை மகனை ஏசுவதற்கு வாயைத் திறந்தார். அவரைப் பார்த்து அச்சிறுவன், "அப்பாவும் நின்றீர்களே" என்றான். அதற்கு மறுமொழி இல்லை. கடலைக்கு உரிய பணத்துக்கு மேலே கொடுக்க முற்பட்டபோது, சிந்தியதன் விலையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, "கதவுப் பக்கம் பெரிய ஆளை இருத்துங்கோ, ஐயா" என்று சொல்லி அந்த வியாபாரி அடுத்த பெட்டிக்குப் போனார். எஞ்சிய வழிமுழுவதும் நடைபாதைப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் தந்தையே. கைப்பேசி அம்மம்மாவின் பைக்குள் இருந்தது.

அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை என்று வண்டி இறங்கிச் செல்லும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலே ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. 1921இற் கட்டி முடிக்கப்பட்ட இப்பாலம் ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமும் உடையது. கல்லும் செங்கல்லும் சீமெந்துமே கொண்டு எழுப்பப்பட்டது, உருக்கு இல்லை. முதலாம் உலகப் போரினால் உருக்குக் கிடைக்காமற் போகவே கல்லாற் கட்டினர் என்றொரு கதை வழங்குகிறது. வண்டியிலிருப்போருக்குப் பாலத்தின் அழகு முழுவதும் தெரியாது. அதன்மேல் அல்லவா செல்கிறார்கள்? அதைக் காண விரும்புவோர் எல்லவில் இறங்கிக் கால்நடையாகச் செல்ல வேண்டும். அக்குடும்பம் இறங்கவில்லை. சிறுவன் அன்று போதிய அளவு நடந்துவிட்டான் என்று தாய் கருதினார்.

தெமோதரையை மட்டும் எவரும் உறங்கிக் கழித்துவிடலாகாது. அவ்விடத்திற் பாதை செங்குத்தாகத் தாழ வேண்டியிருந்தது. சரிவோ நாற்பத்துநான்குக்கு ஒன்றை மிஞ்சக் கூடாது. என்ன செய்வது? இலங்கையின் நீர்மின்வலுவின் தந்தை எனப் போற்றப்படும் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளரே இதற்கு வழி கண்டவர் என்பர். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் சுற்றிக் கட்டுவதைப் பார்த்தபோது அவருக்கு அவ்வுபாயம் தோன்றிற்று என்பது செவிவழிக் கதை. நிலையத்தை விட்டுப் புறப்படும் பாதை குன்றைச் சுற்றிக்கொண்டு தாழ்ந்து வந்து, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினுள் நுழைந்து அப்பாற் செல்கிறது. தலைப்பாகையின் ஒரு சுற்று மறுசுற்றின் கீழே செல்வதுபோல, பாதை தன் கீழே தானே செல்கிறது.

சொல்லால் விளக்கினாற் பிள்ளைகளுக்குப் புரியாது. அம்மம்மா தம் தோளிலிருந்த சால்வையை எடுத்து மகனின் தலையிற் சுற்றினார். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "இது நிலையம். இப்போது வண்டி இப்படிப் போகிறது, இப்படி வருகிறது, இதோ நிலையத்துக்குக் கீழே புகுகிறது" என்று விரலை ஓட்டிக் காட்டினார். அதே கணத்தில் வண்டி சுரங்கத்துட் புகுந்தது. "இப்போது நிலையம் எங்கே?" என்று இருட்டிலே அம்மம்மா கேட்டார். "தலைக்கு மேலே!" என்று சிறுவன் கூவினான். அன்று அவன் சுரங்கத்திற் கூவியது அது ஒன்றே.

பதுளையை அடைந்தபோது மாலையாகிவிட்டது. மகள் கொப்பியை மூடினாள். பொதிகளை இறக்கி முடித்தபின் பார்த்தால் சிறுவனைக் காணவில்லை. தாயின் முகம் மறுபடியும் வெளிறியது. அவன் தூரம் போய்விடவில்லை. தந்தையின் கையைப் பிடித்து இழுத்தவாறே மேடையின் கடைசியில் நின்றான். அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. தடுப்புக் கட்டை ஒன்று. அதன் பின்னே புல். கொழும்பிலிருந்து தொடர்ந்து வந்த பாதை அவ்விடத்தில் முடிவதை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இதற்குமேல் ஏன் போடவில்லை, அப்பா?" என்று கேட்டான். மறுநாட் காலை வண்டி ஏறுமுன் நிலைய அதிபரிடம் கேட்போம் என்றார் தந்தை. தலையிற் சுற்றிய சால்வையை அவிழ்க்க விடாமலே அவன் விடுதிக்கு நடந்தான்.